மாதச் சந்தா வக்கீல் ப்ளான்: வாங்கலாமா, விற்கலாமா?

எடிசன்வாசி:
வணக்கம். ஓப்பன் என்ரோல்மென்ட் (கம்பெனி பெனிஃபிட்களை வருஷம் ஒருமுறை தேர்ந்தெடுக்கும் காலம்) முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. பெனிஃபிட் பக்கத்தில் லீகல் ப்ளான் என்று ஒரு வரி, மாதம் 18 டாலர், சம்பளத்தில் பிடித்தம். இன்னொரு பக்கம் தெரிந்தவர் ஒருவர் லீகல்ஷீல்டு எடுக்கச் சொல்கிறார், மாதம் 29.95. நானே அசோசியேட், அதாவது அவர்களுடைய விற்பனையாளர், ஆகி நாலு பேரைச் சேர்த்தால் சந்தா தானாக வந்துவிடும் என்கிறார்.

நிலவரம்: நியூ ஜெர்சி. நான் எச்-1பி வேலை விசாவில், க்ரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது. மனைவி என்னைச் சார்ந்த எச்-4 விசாவில். பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தவர்கள். வசந்த காலத்தில் வீடு வாங்குகிற யோசனை. உயில் இன்னும் எழுதவில்லை. எதை எடுப்பது, எடுக்கத்தான் வேண்டுமா, விற்கிற வேலையில் இறங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப்பிரிவு:
விற்கிற விஷயத்தில் ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எச்-1பியில் இருக்கும்வரை அசோசியேட் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதை வைகைக்கரை அண்ணன் எழுதுவார்.

ப்ளான் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வக்கீலுக்குப் பணம் போகிற வழி வேறு. நீங்கள் அனுபவிக்கிற எல்லா வித்தியாசமும் அங்கிருந்துதான் வருகிறது.

லீகல்ஷீல்டு என்பது 1972ல் ஓக்லஹோமாவின் ஏடா ஊரில் தொடங்கிய ப்ரீ-பெய்டு லீகல் சர்வீசஸ். 2011ல் மிட்ஓஷன் பார்ட்னர்ஸ் வாங்கிய பிறகு இந்தப் பெயர். மாநிலவாரியாகச் சட்ட நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு, உறுப்பினர் தலைக்கு மாதம் இவ்வளவு என்று கொடுக்கிற முறை. நீங்கள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் அந்த நிறுவனத்துக்கு வருமானம் ஒன்றுதான். பத்து நிமிஷ போனும் ஒரு கடிதமும் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நாற்பது மணி நேர வேலை கட்டுப்படியாகாது. ஒப்பந்தத்தின் வாசகமும் அதற்கு ஏற்றபடியே இருக்கும்: போனில் ஆலோசனைக்குக் கணக்கில்லை, 15 பக்கம் வரை பத்திரம் படித்துச் சொல்வார்கள், எதிராளிக்கு லெட்டர்ஹெட்டில் கடிதம் போடுவார்கள். அதைத் தாண்டினால் வழக்கமான ஃபீஸில் 25 சதவீதம் தள்ளுபடி.

கம்பெனி வழியாக வருவது, மெட்லைஃப் லீகல் ப்ளான்ஸ், ஆராக் போன்றவை, வேறு மாதிரி. இன்ன வேலைக்கு இவ்வளவு என்று ஒரு ரேட் பட்டியல் இருக்கும். வீட்டு குளோசிங் (வாங்குவதைப் பத்திரம் முடிப்பது), உயில், டிராஃபிக் டிக்கெட் என்று வேலை முடிந்ததும் ப்ளானே அட்டர்னிக்குப் பணம் கொடுக்கும். நெட்வொர்க்கில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். வெளி ஆளிடம் போனால் பட்டியலில் உள்ள தொகை வரை திருப்பித் தருவார்கள், மிச்சம் உங்கள் கையிலிருந்து. இதிலும் ஒரு குறை உண்டு. பட்டியல் ரேட் சந்தை ரேட்டை விடக் குறைவு. வேலை நிறைய இருக்கிற அட்டர்னி ப்ளான் ஆட்களை எடுக்கத் தயங்குவார். பெயர் பட்டியலில் இருக்கும், போன் பண்ணினால் "இப்போது புதிதாக எடுப்பதில்லை" என்பார்கள். நாலைந்து பேரையாவது கூப்பிடவேண்டி வரும்.

வீடு வாங்குகிற வருஷத்தில் கம்பெனி ப்ளான்தான் சரி. சும்மா இருக்கட்டும் என்று வருஷா வருஷம் கட்டுவதற்கு இரண்டுமே தகுதியில்லை.

பொன்னிநதி:
நியூ ஜெர்சி என்பதால் கணக்கை நேராகப் போட்டுவிடலாம்.

18 × 12 = 216 டாலர். இதை வரிக்கு முந்தைய பணம் என்று நினைக்கவேண்டாம். லீகல் ப்ளானுக்கு வரிவிலக்கு தந்த வருமானவரிச் சட்டத்தின் 120ஆம் பிரிவு 1992லேயே காலாவதியாகிவிட்டது. பேஸ்லிப்பில் போஸ்ட்-டாக்ஸ் வரிசையில்தான் வரும்.

வடக்கு ஜெர்சியில் வாங்குபவர் தரப்பு அட்டர்னி சாதாரணமாக 1,200 முதல் 2,000 வரை கேட்கிறார். புரோக்கர் எழுதிய கான்ட்ராக்டில் இரு தரப்பும் கையெழுத்திட்டுக் கைக்கு வந்தபின் மூன்று வணிக நாள் அட்டர்னி ரிவ்யூ உண்டு. அதற்குள் உங்கள் அட்டர்னி மறுப்புக் கடிதம் அனுப்பித் திருத்தம் கேட்டால்தான் கான்ட்ராக்ட் திறந்திருக்கும். மூன்று நாள் கழிந்தால் உள்ளபடியே உறுதியாகிவிடும். இந்த மூன்று நாளில்தான் ப்ளான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆஃபர் ஏற்கப்பட்ட பிறகு பட்டியலைத் திறந்து அட்டர்னி தேடினால் நேரம் போதாது. வீடு பார்க்கத் தொடங்கும்போதே ஆளை முடிவு செய்து, ப்ளானிடம் கேஸ் நம்பரும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இருவருக்கும் உயில், மெடிக்கல் டைரக்டிவ் (சிகிச்சை பற்றிய முன்விருப்பப் பத்திரம்), பவர் ஆஃப் அட்டர்னி எல்லாம் சேர்த்து வெளியில் ஆயிரம் டாலர் ஒட்டி ஆகும். வீடும் உயிலும் ஒரே வருஷத்தில் முடிந்தால் 216 கொடுத்து இரண்டாயிரத்துக்கு மேல் வேலை வாங்கலாம். அடுத்த வருஷம் பெனிஃபிட் பக்கத்தில் இந்த வரிக்குப் போட்ட டிக்கை எடுத்துவிடுங்கள்.

ப்ளான் தராதவை: டைட்டில் இன்சூரன்ஸ், ரெக்கார்டிங் ஃபீஸ், சர்வே, பேங்க் தரப்பு வக்கீலின் கட்டணம். வாடகைக்கு விடுவதற்காக வாங்கும் வீடும் பெரும்பாலான ப்ளான்களில் சேராது.

எடிசன்வாசி:
நன்றி பொன்னிநதி, நன்றி சார். ஒரு சந்தேகம். நல்ல வீடு டிசம்பரிலேயே அமைந்துவிட்டால்? ப்ளான் ஜனவரி 1 முதல்தானே. டிசம்பரில் அட்டர்னியிடம் பேசிவிட்டு ஜனவரியில் குளோசிங் என்றால் செல்லுமா?

சட்டப்பிரிவு:
செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ப்ளான் தொடங்கும் தேதிக்கு முன் அட்டர்னியை நியமித்துவிட்ட விஷயம் எதுவும் கவர் ஆகாது என்று ஏறக்குறைய எல்லாக் கையேட்டிலும் ஒரு வரி இருக்கும். சிலவற்றில் "விஷயம் எழுந்த தேதி" என்றே போட்டிருப்பார்கள். அது இன்னும் கடுமை: கான்ட்ராக்ட் தேதி டிசம்பர் என்றால், ஜனவரியில் புது அட்டர்னி பிடித்தாலும் தள்ளிவிடுவார்கள். உங்கள் ப்ளானில் எந்த வாசகம் என்று பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்கு எச்ஆர் போர்ட்டலில் உள்ள இரண்டு பக்க வண்ணத் தாள் போதாது. சம்மரி ப்ளான் டிஸ்கிரிப்ஷன், அதாவது ப்ளானின் முழுக் கையேடு, என்று கேட்டு வாங்குங்கள். எரிசா என்ற ஊழியர் பெனிஃபிட் சட்டத்தின் கீழ் வரும் ப்ளான் என்றால் எழுத்தில் கேட்ட 30 நாளுக்குள் தரவேண்டும் என்பது விதி. ஊழியரே முழுப் பணமும் கட்டும் சில ப்ளான்கள் எரிசாவுக்கு வெளியே நிற்கும். அவற்றுக்கு சர்டிஃபிகேட் ஆஃப் கவரேஜ் என்று ஒன்று இருக்கும், அதைக் கேளுங்கள். கையில் வந்ததும் கவர் ஆகும் பட்டியலை விட்டுவிட்டு, எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற விலக்குப் பகுதியை முதலில் படியுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் இராது.

அந்தப் பக்கத்தில் நம்மவர்களுக்கு முக்கியமான வரி, வேலை கொடுத்த கம்பெனிக்கு எதிரான எதுவும் கிடையாது என்பது. ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டு செவரன்ஸ் ஒப்பந்தத்தை (பணம் தந்து உரிமைகளை விட்டுக்கொடுக்கச் சொல்லும் பத்திரம்) நீட்டினால், அதே கம்பெனி வழியாக எடுத்த ப்ளான் அதைப் படித்துச் சொல்லாது. சம்பளத் தகராறு, பாகுபாட்டுப் புகார் எல்லாம் அதே கதை.

வைகைக்கரை:
விற்பனை பற்றி.

எச்-1பியில் இருப்பவர் மனு போட்ட கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யலாம். உறுப்பினர் சேர்த்துக் கமிஷன் வாங்குவது சுயதொழில், அதாவது அனுமதியில்லாத வேலை. பாசிவ் இன்கம்தானே என்று சொல்லிச் சேர்க்கிறார்கள். ஷேர் டிவிடெண்டும் பேங்க் வட்டியும் பாசிவ். ஆள் பிடித்து, ஸூம் கூட்டம் நடத்தி வரும் பணம் அப்படி ஆகாது. கீழே சேர்ந்தவர்கள் விற்றதில் வரும் பங்கும் நீங்கள் ஆள் சேர்த்ததற்கான கூலிதான்.

பிறகு தடயம். கமிஷனுக்கு 1099-என்இசி என்ற வருமானப் பாரம் வரும். 2025 வரை 600 டாலர், 2026 முதல் 2,000 டாலர் தொட்டால் பாரம் கட்டாயம். பாரம் வராவிட்டாலும் வருமானத்தைக் காட்டியாக வேண்டும், நிகரம் 400 தாண்டினால் 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. டாக்ஸ் ரிட்டர்னில் சுயதொழில் வருமானத்துக்கான ஷெட்யூல் சி ஏறிவிட்டது. நாளைக்கு ஐ-485 என்ற க்ரீன் கார்டு விண்ணப்பம் போடும்போது அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை செய்ததுண்டா என்று நேராகக் கேட்பார்கள். ஆம் என்றால் சிக்கல், இல்லை என்றால் பொய்.

குடியேற்றச் சட்டத்தின் 245(கே) பிரிவு காப்பாற்றும் என்று சிலர் சொல்வார்கள். கடைசியாக முறைப்படி நாட்டுக்குள் நுழைந்த பிறகு மொத்தம் 180 நாள் வரையான மீறலை வேலைவழி க்ரீன் கார்டுக்காரர்களுக்கு அது மன்னிக்கும், உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு மணி நேரம்தான் செய்தேன் என்ற கணக்கு அங்கே எடுபடாது. வேலைத் தொடர்பு நீடிக்கும் ஒவ்வொரு நாளும், சனி ஞாயிறு உட்பட, எண்ணிக்கையில் ஏறும். அசோசியேட்டாக ஏழு மாதம் இருந்தால் தாண்டிவிட்டது.

உங்கள் ஐ-140 அப்ரூவ் ஆகியிருப்பதால் துணைவியார் எச்-4 ஈஏடி என்ற வேலை அனுமதி கார்டு கேட்கலாம், 2015 மே முதல் அந்த வழி இருக்கிறது. கார்டு கையில் வந்தபிறகு அவர் சுயதொழில் செய்யலாம். கார்டு வருவதற்கு முன் அவர் பெயரில் பதிந்து நீங்கள் ஓட்டுவது இரண்டு பேருக்கும் கெடுதி. எஃப்-1 மாணவர்களையும் இதில் இழுக்கிறார்கள், அவர்களுக்கும் இதே தடைதான்.

டல்லாஸ்மதுரை:
வைகைக்கரை அண்ணன் விசா பற்றிச் சொன்னதில் மறுப்பே இல்லை. சிட்டிசன், க்ரீன் கார்டு உள்ளவர்களுக்காக மறுபக்கம் எழுதுகிறேன். விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்ற பேச்சு நியாயமில்லை.

இது உண்மையான சேவை. போனைத் தூக்கினால் பேச லைசென்ஸ் உள்ள வக்கீல் வருகிறார். வாடகை வீட்டுக்காரர் டெபாசிட்டைத் தரவில்லை என்றால் வக்கீல் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போதும். டெக்சாஸில் காலி செய்து, புது முகவரி எழுதிக் கொடுத்த பின் 30 நாளுக்குள் டெபாசிட் திரும்பவேண்டும். கெட்ட எண்ணத்தோடு பிடித்துவைத்தால் 100 டாலரும், தவறாகப் பிடித்த தொகையின் மூன்று மடங்கும் கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பிரிவை எழுதி வக்கீல் கையெழுத்தோடு போனால் பெரும்பாலும் பணம் வரும். 400 டாலர் டெபாசிட்டுக்கு எந்த வக்கீல் தனியாக வருவார்?

சின்னக் கடை, டிரக்கிங், கேட்டரிங் நடத்துகிறவர்களுக்குப் பிசினஸ் ப்ளான் இன்னும் பொருத்தம். வராத பாக்கிக்குக் கடிதம், சப்ளையர் ஒப்பந்தம் படிப்பது என்று மாதா மாதம் வேலை இருக்கும்.

கம்பெனி ப்ளான் தொடாத செவரன்ஸ் ஒப்பந்தமும் இதில் வரும், 15 பக்கத்துக்குள் இருந்தால். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு யோசிக்க 21 நாள், கூட்டமாக நீக்கினால் 45 நாள், கையெழுத்திட்ட பின் திரும்பப்பெற 7 நாள் என்று சட்டம் தருகிறது. அந்த அவகாசத்தில் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமே.

விற்க வருபவர்கள் முதலில் மாநில விதியைப் பார்க்கவேண்டும்.  உதாரணமாக ஃபுளோரிடாவில் இது இன்சூரன்ஸ் சட்டத்தின் 642ஆம் அத்தியாயத்தில், லைசென்ஸ் உள்ளவர்தான் விற்கலாம். பக்கத்து மாநிலத்து உறவினருக்கு விற்கும்போது அந்த மாநில விதியும் சேரும்.

வைகைக்கரை:
டெபாசிட் கடிதமும் பிசினஸ் ப்ளானும் நீங்கள் சொன்னபடியே. அங்கே சந்தா தேறும். எனக்குள்ள ஆட்சேபம் விற்பனைக் கணக்கில்.

கமிஷன் முன்பணமாக வருகிறது என்பதை ஆள் சேர்க்கும் கூட்டத்தில் பெரிதாகச் சொல்வார்கள். சார்ஜ்பேக், அதாவது கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பது, பற்றி ஒரு வரிதான். எளிய எண்ணில் போடுகிறேன், இது உதாரணம்தான்: ஓர் உறுப்பினருக்கு வருஷக் கமிஷன் 100 டாலர் முன்கூட்டி வந்தது. அவர் நாலு மாதம் கட்டிவிட்டு நிறுத்திவிட்டார். நீங்கள் சம்பாதித்தது 33.33. மீதி 66.67 அடுத்த கமிஷனில் கழியும். பத்துப் பேரைச் சேர்த்து அதில் ஆறு பேர் இப்படிப் போனால் 1,000 வாங்கியதில் 400 திரும்பப் போகிறது. அதற்குள் பெட்ரோல், சேர்க்கைக் கட்டணம், மாதாந்திர வெப்சைட் கட்டணம், உங்கள் சொந்தச் சந்தா எல்லாம் செலவாகி இருக்கும்.

உறுப்பினர் ஏன் நிறுத்துகிறார்? ஒரு தேவைக்காகச் சேர்கிறார், கடிதம் போனதும் தேவை தீர்ந்தது. சிலர் ஏற்கனவே இருக்கும் வழக்குக்காகச் சேர்ந்து, முன்பே தொடங்கிய விஷயம் சேராது என்று தெரிந்ததும் விலகுகிறார்கள். ப்ளானின் இயல்பே அப்படி. விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாறாது. இந்த முன்பணக் கமிஷனை ப்ரீ-பெய்டு லீகல் கம்பெனி தன் கணக்கில் சொத்தாகக் காட்டி வந்தது. 2001ல் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி அதை ஏற்காமல், செலவாக எழுதச் சொல்லி, பழைய கணக்குகளைத் திருத்த வைத்தது.

பொதுவாக நெட்வொர்க் மார்க்கெட்டிங் பற்றி மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் ஊழியர்கள் 2024 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 70 கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட வருமான விவரங்களைப் படித்தது. பெரும்பாலோர் வருஷத்துக்கு 1,000 டாலரோ அதற்குக் கீழோதான் பார்த்தார்கள், அதுவும் பல இடங்களில் செலவைக் கழிக்காமல். குறைந்தது 17 கம்பெனிகளில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே இல்லை. விற்கக் கூப்பிடுகிறவரிடம் இன்கம் டிஸ்க்ளோஷர் தாளைக் கேளுங்கள், சராசரியை விட்டுவிட்டு நடுவில் இருப்பவர் வாங்கியதைப் பாருங்கள்.

டல்லாஸ்மதுரை:
ஒப்புக்கொள்கிறேன். விற்பதென்றால் ஏற்கனவே இன்சூரன்ஸ், டாக்ஸ், பேரோல் சேவை செய்து சின்னப் பிசினஸ்காரர்களைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் நிற்கும். அவர்களிடம் பிசினஸ் ப்ளானும் நீண்ட நாள் தங்கும். சொந்தக்காரர் பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்குகிறவருக்கு இதைச் சொல்லமாட்டேன்.

நெல்லைச்சீமை:
ட்ரையல் டிஃபென்ஸ், அதாவது உங்கள் மேல் வழக்கு வந்தால் வக்கீல் வாதாடுவது, பற்றி யாரும் சொல்லவில்லை. லீகல்ஷீல்டு மாதிரி தனிநபர் ப்ளான் விளம்பரத்தில் முதல் வருஷமே 60 மணி நேரம் வக்கீல் இலவசம் என்று வரும். பல மாநிலங்களில் ஓடிய ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால், அந்த 60ல் விசாரணைக்கு முன் பயன்படுத்தக்கூடியது 2.5 மணி நேரம்தான். மீதி 57.5 மணி நேரம் விசாரணை நடந்தால் மட்டும். சிவில் வழக்கில் மிகப் பெரும்பாலானவை விசாரணைக்கு வராமல் சமரசத்திலோ மோஷனிலோ (இடைக்கால மனுவிலோ) முடிந்துவிடும். வேலை முழுக்க அதற்கு முன்னால்தான்: பதில் மனு, டிஸ்கவரி (ஆதாரப் பரிமாற்றம்), டெபொசிஷன் (கோர்ட்டுக்கு வெளியே எடுக்கும் வாக்குமூலம்). பதில் மனுவுக்கே 2.5 மணி நேரம் தீர்ந்துபோகும். அதன்பின் 25 சதவீதத் தள்ளுபடி. அதுவும் உங்கள் மேல் வழக்கு வந்தால் மட்டும். நீங்கள் போடுகிற வழக்குக்குக் கிடையாது.

வருமானவரித் துறையான ஐஆர்எஸ் தணிக்கைக்கான 50 மணி நேரமும் இதே அமைப்பு. நோட்டீஸ் வந்ததும் 1 மணி, 30 நாளில் தீராவிட்டால் 2.5 மணி, கோர்ட்டுக்குப் போனால் 46.5. கடிதத் தணிக்கைக்கு நீங்கள் பார்க்கப்போவது முதல் இரண்டு எண்ணை மட்டும். எண்கள் மாநிலத்துக்கும் வருஷத்துக்கும் மாறும், உங்கள் ஒப்பந்தத்தில் "ப்ரீ-ட்ரையல்" என்ற சொல்லைத் தேடிப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள்.

குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு இரண்டு வகை ப்ளானிலும் பொதுவாக விலக்கு. விசா உள்ளவருக்கு அந்தக் கைது ஒன்றே விசா ரத்தாகப் போதுமானது. அதற்குத் தனியாகத்தான் வக்கீல் வைக்கவேண்டும்.

ஐடென்டிட்டி தெஃப்ட் (அடையாளத் திருட்டு) ப்ளானைச் சேர்த்து விற்பார்கள். மூன்று க்ரெடிட் பீரோவிலும் ஃப்ரீஸ் போடுவது (உங்கள் பெயரில் வேறு யாரும் கடன் எடுக்காமல் பூட்டுவது) 2018 செப்டம்பர் முதல் சட்டப்படி இலவசம். அதைச் செய்துவிட்டு இதை யோசியுங்கள்.

ஸ்கார்பரோக்காரன்:
கனடாப் பக்கத்திலயிருந்து ஒரு சின்னக் குறிப்பு. இங்க ஒன்ராறியோவிலயும் லீகல்ஷீல்டு விக்கினம். ஆனா எங்கட சனத்துக்குக் கூடுதலா வாற அலுவல் ஸ்பீடிங் டிக்கெட், வாடகைப் பிரச்சினை, சின்னக் கடன் வழக்கு. இந்த மூண்டையும் இங்க லைசென்ஸ் உள்ள பாராலீகல் (லோயர் இல்லை, ஆனா இப்பிடிச் சின்ன வழக்குகளை எடுக்கிறவர்) செய்யலாம், லோயரை விடக் காசு குறைவு. அதால வருசச் சந்தாவையும் ஒரு டிக்கெட்டுக்குப் பாராலீகல் கேக்கிற காசையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. அமெரிக்கக் கணக்கை அப்பிடியே இங்க கொண்டு வரேலாது. யூனியன் வேலை எண்டால் காப்புறுதிப் புத்தகத்தில லீகல் பெனிஃபிட் ஏற்கனவே இருக்கோ எண்டும் பாருங்கோ, கனபேர் பாக்கிறேல்ல.

பொன்னிநதி:
ஸ்கார்பரோ அண்ணன் சொன்னதுக்கு இங்கும் ஒரு ஜோடி உண்டு. பல கம்பெனிகளில் ஈஏபி என்று எம்ப்ளாயி அசிஸ்டன்ஸ் ப்ரோக்ராம் இலவசமாக இருக்கும். மனநல ஆலோசனைக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அதில் ஒரு விஷயத்துக்கு அரை மணி நேரம் இலவச வக்கீல் ஆலோசனையும், அதற்குமேல் 25 சதவீதத் தள்ளுபடியும் பல இடங்களில் இருக்கிறது. தனிநபர் ப்ளானில் காசு கொடுத்து வாங்குகிற அதே தள்ளுபடி. எச்ஆரிடம் ஈஏபி நம்பரைக் கேட்டுப் பாருங்கள்.

எடிசன்வாசி:
இவ்வளவு விவரத்துக்கு மிக்க நன்றி. விற்பனையை விட்டாயிற்று, கம்பெனி ப்ளானை ஒரு வருஷம் எடுக்கிறேன். மூன்று கேள்வி. ப்ளான் அட்டர்னி எழுதும் உயில் ஊரில் உள்ள நிலத்துக்கும் செல்லுமா? ஊர் வீட்டை வாடகைக்கு விட அப்பா பெயரில் பவர் எழுதவேண்டும், அதையும் இதில் முடிக்கலாமா? இமிக்ரேஷன் வேலைக்கு ப்ளான் உதவுமா?

சட்டப்பிரிவு:
உயில்: இங்குள்ள சொத்துக்கும் பிள்ளைகளின் கார்டியனுக்கும் அவரிடம் எழுதுங்கள். இந்தியாவிலுள்ள அசையாச் சொத்து அங்குள்ள சட்டப்படிதான் இறங்கும். அதற்கு ஊர் வக்கீலிடம் தனி உயில். இரண்டையும் எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. இங்குள்ள மாதிரி உயில்களில் "இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்று முதல் பத்தியிலேயே இருக்கும். ஊர் உயிலை முதலில் எழுதிவிட்டு இங்கே கையெழுத்திட்டால் ஊர் உயில் போயிற்று. "இந்தியச் சொத்துக்கான உயில் நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். ப்ளான் அட்டர்னி டெம்ப்ளேட்டில் அடிப்பவர், நீங்கள் கேட்காவிட்டால் சேர்க்கமாட்டார்.

கார்டியன் இடத்தில் ஊரிலுள்ள தாத்தா பாட்டியை மட்டும் போடாதீர்கள். அவர்கள் விசா எடுத்து வந்து கோர்ட்டில் நிற்கும்வரை பிள்ளைகளை யார் வைத்திருப்பது? இங்கே வசிக்கும் ஒருவரைத் தற்காலிகக் கார்டியனாகவும் அவர்களை நிரந்தரமாகவும் போடுங்கள்.

ஊர் பவர்: இதை ப்ளானில் எதிர்பார்க்கவேண்டாம். வெளிநாட்டுச் சட்டம் விலக்குப் பட்டியலில் இருக்கும், இங்குள்ள அட்டர்னிக்கு அந்த வாசகமும் தெரியாது. ஊர் வக்கீலிடம் வரைவு வாங்கி, இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, மாநில அரசிடம் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் சான்று) வாங்கி, அல்லது இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று, மூலப் பத்திரத்தைக் கூரியரில் அனுப்புங்கள். இந்தியாவில் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டவேண்டும், இது இந்திய முத்திரைச் சட்டம் 18ஆம் பிரிவு. அப்பா கூரியர் உறையைத் தேதியோடு பத்திரமாக வைக்கட்டும். வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம்.

இமிக்ரேஷன்: எச்-1பி மனுவின் வக்கீல் செலவும் பெர்ம் (க்ரீன் கார்டின் முதல் படி) வக்கீல் செலவும் விதிப்படி கம்பெனி ஏற்கவேண்டியவை. அதற்கு நீங்கள் ப்ளானைத் தொடவேண்டியதில்லை. பெற்றோர் விசாவுக்கு ஆலோசனை, எச்-4 ஈஏடி பாரம் சரிபார்ப்பு போன்றவற்றைச் சில ப்ளான்கள் தருகின்றன. எத்தனை மணி நேரம் என்று கையேட்டில் பாருங்கள்.

பொன்னிநதி:
கலிஃபோர்னியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. அங்கே வெறும் உயில் போதாது, லிவிங் ட்ரஸ்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை வைக்கும் அறக்கட்டளை) கவர் ஆகிறதா என்று பாருங்கள். ப்ரோபேட்டில், அதாவது இறந்தவர் சொத்தைக் கோர்ட் வழியாகப் பிரிப்பதில், வக்கீல் கட்டணம் சட்டத்திலேயே உண்டு: முதல் லட்சத்துக்கு 4 சதவீதம், அடுத்த லட்சத்துக்கு 3, அடுத்த எட்டு லட்சத்துக்கு 2. பத்து லட்சம் டாலர் வீடு என்றால் 4,000 + 3,000 + 16,000, ஆக 23,000. கடன் பாக்கியைக் கழிக்காமல் மொத்த மதிப்பில் போடுவார்கள். உயிலை நிறைவேற்றும் எக்ஸிக்யூட்டரும் அதே தொகை கேட்கலாம். ட்ரஸ்ட் எழுதி முடித்தும் வீட்டின் டீடை (உரிமைப் பத்திரத்தை) ட்ரஸ்ட் பெயருக்கு மாற்றி கவுன்ட்டியில் பதியாமல் விட்டால் அந்த வீடு மறுபடி ப்ரோபேட்டுக்கே போகக்கூடும். டீட் எழுதுவது ப்ளானில் வருமா என்று அட்டர்னியிடம் முதல் போனிலேயே கேளுங்கள்.

நெல்லைச்சீமை:
எடிசன்வாசி தம்பி, ஜனவரியில் செய்யவேண்டியது: மெம்பர் சைட்டில் லாகின் செய்து, வீட்டுக்கு ஒன்று, உயிலுக்கு ஒன்று என்று தனித்தனி கேஸ் நம்பர் எடுங்கள். அட்டர்னி ஆபீஸுக்கு போன் போட்டதும் ப்ளான் பெயரையும் கேஸ் நம்பரையும் சொல்லுங்கள். பின்னால் சொன்னால் சாதாரண ரேட்டில் ஃபைல் திறந்துவிடுவார்கள். "இந்த வேலை முழுக்க கவரா, நான் தரவேண்டியது என்ன" என்று ஈமெயிலில் கேட்டு பதில் வாங்குங்கள். என்கேஜ்மென்ட் லெட்டரில் (அட்டர்னியோடு போடும் ஒப்பந்தக் கடிதம்) மணிக்கணக்கு ரேட் இருந்தால் கையெழுத்திடும் முன் ப்ளானுக்கு போன் செய்யுங்கள்.

உயிலை ஜனவரி பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். வேலை போனால் கவரேஜும் போகும். அதற்கு முன் திறந்த கேஸை முடித்துத் தருவார்கள், திறக்காதது போனதுதான். நடு வருஷத்தில் விலக இந்த ப்ளான்கள் பெரும்பாலும் விடுவதில்லை. அடுத்த நவம்பரில் போர்ட்டல் தானாகப் போன வருஷத் தேர்வையே தொடரும். நீங்களே போய் வெய்வ் (வேண்டாம்) என்று மாற்றிச் சேமித்து, உறுதிப்படுத்தும் பக்கத்தை பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடிசன்வாசி:
கையேடு எச்ஆரிடம் கேட்டாயிற்று. விலக்குப் பக்கத்தில் "விஷயம் எழுந்த தேதி" என்று இருக்கிறதா, "அட்டர்னியை நியமித்த தேதி" என்று இருக்கிறதா என்று வந்ததும் இங்கே போடுகிறேன்.